கத்திரிக்காரி போனாளா, இருந்தாளா

என் மகள் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொரியாத் தொடர் பார்த்து மூக்கைச் சிந்தும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்பாள், ஏதோ அவள்தான் அந்த நாடுகளைக் கண்டுபிடித்த மாதிரி. அவள் பிறப்பதற்கு முன்பே, எழுபதுகளில், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஒரு ஜப்பான் தொடருக்காகப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது அவளுக்குத் தெரியாது. ரசிகர் மன்றம் என்று பலகை மாட்டவில்லையே தவிர மற்றதெல்லாம் நடந்தது. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே அந்தத் தொடரால்தான் நடந்தது.

டி.வி. பெட்டி என்ற ஒன்றை அப்போது எங்கள் மலையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தொடர் வந்தது படச்சுருளாக. தொழிலாளர் நலனைப் பார்த்துக்கொள்ள எஸ்டேட்டில் ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருந்தார், கோட்டயம் பக்கத்து மலையாளி. நல்ல மனுஷன். ஆனால் தேயிலையைப் பற்றி நாங்கள் படித்துத் தெரிந்துகொள்வதுதான் எங்களுக்கு நலன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தேயிலையைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்களுக்குத் தேயிலை வளர்ப்பைப் பற்றிப் பாடப்படம் காட்ட ஆசைப்பட்டு எங்கெங்கோ எழுதிப் போட்டார். யாரோ இலவசமாகப் படப்பெட்டி ஒன்றை அனுப்பியும் வைத்தார்கள். மூடியில் தேயிலைச் செடியின் படம் ஒட்டியிருந்தது. உள்ளே ஐந்து சுருள்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகக் காட்டுவது என்று முடிவாயிற்று.

காட்டிய இடம் நான் வேலை பார்த்த கிரச்சு. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கூடம் அது. பத்தாவது முடித்துவிட்டு அங்கே பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில் படம் காட்ட வேண்டுமே, அதற்காகப் பெண்கள் மழைக்குத் தலையில் போடும் கறுப்புக் கம்பளிகளைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டோம். உள்ளே நல்ல இருட்டு. கூடவே ஈரக் கம்பளி நாற்றம். இன்றைக்கும் எங்காவது ஈரக் கம்பளி நாறினால் படம் போடப் போகிறார்கள் என்று தோன்றுகிறது எனக்கு.

விளக்கை அணைத்ததும் வெள்ளைச் சுவரில் தேயிலைத் தோட்டம் தெரிந்தது. "நம்ம மலதானே இது" என்றது ஒரு குரல். அடுத்த நிமிஷம் தோட்டம் போய் ஒரு வீடு வந்தது. வீட்டுக்குள் ஒரு கிழவியும் ஒரு சின்னப் பெண்ணும் முறைத்துக்கொண்டார்கள். ஆபீசர் நெற்றியைச் சுருக்கினார். வந்திருந்தது பாடப்படம் இல்லை. ஜப்பான் டி.வி.க்காக எடுத்த ஒரு குடும்பக் கதை. தேயிலை விளைகிற ஊரில் நடக்கிறது என்பதைத் தவிர அதற்கும் தேயிலைக்கும் சம்பந்தமில்லை. அவர் நிறுத்த எழுந்தார். யாரும் விடவில்லை.

ஜப்பான் மொழி யாருக்குத் தெரியும்? அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. அதைப் படித்துச் சொல்லும் வேலை ஆபீசருக்கு. மனுஷன் சொல்லைச் செலவழிப்பதில் மகா கஞ்சன். கிழவி நெஞ்சில் கைவைத்து மூச்சு முட்ட ஏதேதோ பேசி அழுது ஓய்வாள். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மாயியம்மைக்கு இஷ்டமில்லா. அத்ரே உள்ளு" என்பார். மாமியாருக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதானாம். எங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. மொகத்தப் பாத்தாத் தெரியாதா எங்களுக்கு" என்றாள். அன்றோடு அவர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

முகங்களைப் பார்த்து நாங்கள் புரிந்துகொண்ட கதை இதுதான். மாமியார் தோட்டத்து வீட்டுக்காரி. ஒரே மகன். அவன் பட்டணத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள். புருஷனைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கே போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விடக்கூடாது என்று மாமியாருக்குப் பிடிவாதம். படம் எடுத்தவர்கள் மருமகள் பக்கம். அவள் கண் கலங்கும்போதெல்லாம் பின்னால் பாட்டு வாசித்தார்கள். எங்கள் பெண்களும் அவள் பக்கம்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குக் காரணம் ஒரு கத்திரிக்கோல்.

முதல் பாகத்திலேயே இருவரும் கொழுந்தெடுக்கப் போனார்கள். மாமியார் கையால் எடுத்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு, சுத்தமான எடுப்பு. மருமகளோ அடியில் பை கட்டிய பெரிய கத்திரி ஒன்றை எடுத்து வந்து, முடிவெட்டுகிற மாதிரி சரக் சரக்கென்று செடியை வெட்டித் தள்ளினாள். முற்றிய இலை, காம்பு எல்லாம் பைக்குள் விழுந்தன. கூடமே பதறிப் போயிற்று. அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, கத்திரி வச்சு வெட்டுதா பாரு. செடிய மொட்டையடிச்சுட்டாளே பாவி."

அதோடு முடிந்தது அந்தப் பெண்ணின் கதை. அவளுக்குக் கத்திரிக்காரி என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் அழுதால் நடிப்பு. மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டால் சொத்துக்காக. என்னைப் போல வயசுப் பெண்கள் நாலைந்து பேர்தான் அவள் பக்கம். இரண்டாம் வாரம் அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கத்திரியோடு தோட்டத்தில் நின்றார்கள். "பாத்தியாம்மா, அங்க எல்லாருமே கத்திரிதான்" என்றேன் வெற்றியோடு. அம்மா அசரவில்லை. "ஊரே கெட்டுப் போச்சு. பாவம், கெழவி ஒருத்திதான் மிச்சம்" என்றாள்.

அப்பா ஒருவர்தான் பெரியவர்களில் கத்திரிக்காரி பக்கம். அவர் ஃபேக்டரியில் வேலை. கதை அவர் மண்டையில் ஏறவேயில்லை. அவர் பார்த்ததெல்லாம் அவர்கள் குடித்த தேநீரைத்தான். பாலில்லை, சீனியில்லை, நிறம் பச்சை. "கொழுந்த வாட்டாம, புளிக்க வைக்காம, அப்படியே அவிச்சுட்டானுவ. இந்தத் தண்ணியக் குடிச்சா யாருக்குத்தான் வீட்ட விட்டு ஓடத் தோணாது" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் யாருக்குத் தேநீர் ஊற்றினாலும் அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ரசனைக்கு வேறு விஷயங்களும் இருந்தன. இரண்டு பேர் சந்தித்தால் குனிவார்கள், நிமிர்வார்கள், மறுபடி குனிவார்கள். யார் முதலில் நிறுத்துவார்கள் என்று எங்களுக்குள் பந்தயமே நடந்தது. வீட்டுக்கதவு காகிதத்தில் செய்தது, பக்கவாட்டில் தள்ளுவது. "மாமியாளும் மருமகளும் சண்ட போட்டா கோவத்துல ஒரு கதவ அடிச்சுச் சாத்தக்கூட வழியில்ல. என்ன வீடு கெட்டுனானுவ" என்று அம்மா வருத்தப்பட்டாள்.

சுவரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பாதி நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் லாரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு வரை போய்வருவான். வழியில் கோவிந்தாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணைத் தரகர் சொல்லி, எங்கள் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். அண்ணனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆடி பிறப்பதற்குள் பதில் வராவிட்டால் பொள்ளாச்சி மாப்பிள்ளை ஒருவனுக்குப் பேசி முடித்துவிடுவார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் காரணங்கள் நிறைய இருந்தன. "வாயத் தொறந்தா வாங்க போங்கன்னு பத்து 'ங்க' போடுதா. இம்புட்டு மரியாதை எதுக்கு? மனசுல என்னமோ வச்சிருக்கா" என்பாள். "கீழ்நாட்டுப் பொண்ணுக்கு மல தாங்காது. அட்டை ரெண்டு கடி கடிச்சா போதும், எம் புள்ளையக் கூட்டிக்கிட்டு எறங்கிருவா" என்பாள். இந்த இரண்டாவதுதான் உண்மையான பயம். மகன் இறங்கிப் போய்விடுவான் என்று அம்மா பயந்தாள். அந்த நேரம் பார்த்து ஜப்பானிலிருந்து ஒரு கத்திரிக்காரி வந்து புருஷனை ஊரைவிட்டுக் கிளப்பினால் அண்ணனுக்கு வேறு என்ன சனி வேண்டும்?

அண்ணன் இளைத்துப் போனான். கொண்டை ஊசி வளைவுகளில் விசிலடித்துக்கொண்டு லாரி இறக்குகிறவன், அம்மாவுக்கு முன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். எனக்குப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் முடிந்ததும் வெளியே காத்திருந்து, "இன்னைக்கு அம்மா அவளத் திட்டுனாளா?" என்று கேட்பான்.

"திட்டுனா."

"ரொம்பவா?"

"போன வாரத்தவிடக் கொஞ்சம் கூட."

மூன்றாம் வாரம் நிலைமை மோசம். படத்தில் மகன் பெட்டி கட்டினான். அன்று சாயங்காலம் அம்மா அண்ணனின் தட்டை டொக்கென்று வைத்தாள். "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டான். "நீ ஒண்ணும் செய்யல. ஒன்ன மாதிரி ஒருத்தன் பெட்டி கட்டுதான்" என்றாள்.

நாலாம் வாரம் கதை திரும்பியது. மாமியார் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். தோட்டத்துக்கு மருமகள் தனியாகக் கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, கத்திரியை அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு போனாள். மாமியாரைப் போலக் கையால் எடுக்க முயன்றாள். பார்க்கச் சகிக்காத எடுப்பு.

"நகத்தால கிள்ளாத தாயி, கறுத்துப் போவும்" என்றாள் அம்மா சுவரைப் பார்த்து. "வெரல் நுனியால ஒடி. அவசரப்படாத. ஆங், அப்படித்தான்."

அங்கே அந்தப் பெண்ணின் கை நிதானமாயிற்று. அம்மா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பெருமையாகப் பார்த்தாள், ஜப்பான் வரைக்கும் தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்கிற மாதிரி. பாகம் முடியும்போது மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மருமகளும் மகனும் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வளைவில் திரும்பியது. அத்தோடு நின்றுவிட்டது படம்.

அன்று சாப்பிடும்போது அம்மா பொதுவாக யாரிடமோ சொன்னாள், "சொல்லிக் குடுத்தாக் கத்துக்குவா போலிருக்கு." அண்ணனுக்குப் புரையேறியது. வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே என்று அவன் முழங்காலில் ஒரு இடி இடித்தேன்.

ஐந்தாம் வாரம் நல்ல மழை. எஸ்டேட்டின் அடுத்த டிவிஷன் ஆட்கள்கூட நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்கள். விளக்கு அணைந்தது. சுவரில் மண் வந்தது. ஒரு கை வந்து எரு போட்டது. வேர் வந்தது. செடியைக் கழிக்கும் கவாத்துக் கத்தி வந்தது. முதலில் கேட்ட பாடப்படம் இதோ வந்தேவிட்டது. கதையின் கடைசிச் சுருளுக்குப் பதில் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். அன்றுதான் கஞ்சத்தனம் இல்லாமல் விளக்கினார். கூடம் கொதித்தது. படம் முடிந்ததும் அம்மா அவரை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"சார், அவ பஸ்ஸு ஏறுனாளா இல்லையா?"

"எனிக்கு எங்ஙனே அறியாம்?" என்றார் அவர், தனக்கு எப்படித் தெரியும் என்று பரிதாபமாக. எழுதிக் கேட்பதாகச் சத்தியம் செய்த பிறகுதான் வழி கிடைத்தது.

அதற்கப்புறம் அம்மாவுக்கு நிம்மதி போய்விட்டது. கொழுந்து மலையில் பெண்கள் போனாள் கட்சி, இருந்தாள் கட்சி என்று பிரிந்துவிட்டார்கள். வீட்டில் அப்பா, "போயிருப்பா. அந்தத் தேத்தண்ணி அப்படி" என்று வெறுப்பேற்றுவார்.

"ஒங்களுக்கு என்ன தெரியும்? கையால எடுக்கக் கத்துக்கிட்டவ போமாட்டா."

தான் கட்சி மாறிவிட்டது அம்மாவுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. "இங்க உக்காந்து சண்ட போட்டு என்னம்மா ஆவும்? கீழ்நாட்டுப் பொண்ணு ஒண்ணக் கொண்டாந்து மலையில வச்சுப் பாத்தாத்தான் போவாளா இருப்பாளான்னு தெரியும்" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்: "கோவிந்தாபுரத்துக்குச் சொல்லிரு. வரட்டும். போறாளா இருக்காளான்னு நானும் பாத்துருதேன்."

ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. அண்ணன் அன்று லாரியை எப்படி இறக்கினான் என்று கேட்காதீர்கள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்து அண்ணி வந்தாள். எஸ்டேட்டுக்கு அவள்தான் ஐந்தாம் பாகம். குழாயடியில் அம்மாவைப் பிடித்து, "இன்னைக்கு என்ன செஞ்சா ஒம் மருமவ?" என்று கதை கேட்பார்கள். முதல் நாளே அவள் காலில் அட்டை ஏறியது. அம்மா ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அதைச் சாவகாசமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "ஏனுங்கத்தை, இது எங்கூர் நெல்லுவயல்லயும் இருக்குமுங்க. அங்க இன்னும் பெருசுங்க" என்றாள். அம்மாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. கொழுந்து எடுப்பதுதான் வரவில்லை. நகத்தால்தான் கிள்ளினாள். அம்மா நாள் முழுக்கத் திட்டினாள். அண்ணி ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு "சரீங்கத்தை" போட்டாள். போகப்போக அம்மாவே அவளைத் திட்டும்போது தன்னை அறியாமல் ஒரு "ங்க" சேர்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த சித்திரையில் கடைசிச் சுருள் வந்து சேர்ந்தது. ஆபீசர் தானே நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஏறிவந்து சொல்லிவிட்டுப் போனார். வரிசை வீடுகளில் ஒரே கொண்டாட்டம். அம்மா முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"இப்ப எதுக்கு அது? வேற சோலி இல்லையா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அண்ணிக்கு வேலை மேல் வேலை வைத்தாள். கம்பளிகளைத் துவைக்கச் சொன்னாள், மாவாட்டச் சொன்னாள், இல்லாத பேனுக்குத் தலை பார்க்கச் சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டால் அதைப் பார்த்து இந்தப் பெண்ணுக்கும் நினைப்பு வந்துவிடும் என்று அம்மா பயந்தாள். வேலை வாங்கும் கங்காணியிடம்கூட மல்லுக்கு நிற்கிறவள் பயந்து நான் பார்த்ததேயில்லை. அன்று அவளைக் கேலி பண்ண எனக்கு மனசு வரவில்லை.

அண்ணி விடவில்லை. "ஏனுங்கத்தை, லயமே காலியாப் போகுது. நா மட்டும் ஊட்ல குந்தி மாவாட்டோணுங்களா?" என்றாள். அம்மா வேண்டாவெறுப்பாகக் கிளம்பினாள்.

கூடத்தில் அம்மா அண்ணியை ஒட்டி உட்கார்ந்தாள். தற்செயலாக நடந்த மாதிரி அவள் முந்தானையைத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எழுந்தால் முந்தானை கிழியும். சுவரில் பஸ் வந்து நின்றது. கத்திரிக்காரி ஏறினாள். தயங்கக்கூட இல்லை. பின்னாலேயே மகனும் ஏறினான். மாமியார் வாசல் படலில் கைவைத்துக்கொண்டு பஸ் மறையும் வரை நின்றாள். வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டினாள். ஒரே ஒரு கோப்பையில் அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். எழுத்து ஓடியது. படம் முடிந்தது.

விளக்கைப் போட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெயித்த அப்பாகூட அந்தத் தேத்தண்ணியைத் திட்ட மறந்துவிட்டார். அம்மா வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாலு பாகத்தையும் எங்கள் வாயால் கேட்டிருந்த அண்ணிதான் முதலில் பேசினாள். "ஏனுங்கத்தை, அந்தப் புள்ளை கத்திரியக் கொண்டுட்டுப் போகலீங்களே."

"என்னது?" என்றாள் அம்மா.

"அந்தம்மா அடுப்பு மூட்டறப்ப பின்னாடி செவுத்துல ஆணியில தொங்குச்சுங்க. திரும்பி வர்ற நெனப்பு இல்லாமயா வெச்சுட்டுப் போவாங்க?"

நாங்கள் எல்லோரும் மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பின்னாலிருந்த அடுப்படிச் சுவரை அண்ணி ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். அம்மா ஆபீசரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் மறுபேச்சில்லாமல் சுருளைத் திருப்பி ஓட்டினார். அடுப்படி வந்தது. கத்திரி அங்கேதான் தொங்கியது. அம்மா எழுந்து, தானே கண்டுபிடித்தவளாகக் கூடத்துக்கே அறிவித்தாள்.

"வந்துருவா. கத்திரி கெடக்குல்லா."

கூடம் முழுக்கத் தலையாட்டியது. ஆபீசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த இங்கிலீஷ் எழுத்து வேறு என்ன சொல்லியிருந்ததோ. அம்மா அவரையே பார்த்தாள். "அத்ரே உள்ளு" என்று முடித்துக்கொண்டார்.

கொஞ்ச வருஷம் கழித்து அம்மா முதலில் பயந்தது நடந்தது. கோவிந்தாபுரத்தில் அண்ணியின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் அண்ணன் குடும்பத்தோடு இறங்க வேண்டிவந்தது. அம்மா சண்டை போடவில்லை. ஜீப் கீழே வந்து நின்றது. அண்ணி பாத்திரம், துணி, பிள்ளையின் தொட்டில் எல்லாவற்றையும் ஏற்றினாள். கடைசியாக உள்ளே வந்து, கொழுந்துக் கூடையை எடுத்துத் தூசி தட்டி, அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டினாள்.

ஜீப் போன பிறகு நான் அழுதேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "எதுக்குட்டி அழுத? செவுத்துல இருக்கது கண்ணுக்குத் தெரியலியா?" என்றாள். அந்தக் கூடையை யார் இரவல் கேட்டாலும் கொடுக்கவில்லை.

தீபாவளிக்கு வந்த அண்ணி, பண்டிகை முடிந்த மறுநாள் கூடையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு அம்மாவோடு மலை ஏறினாள். வேலைக் கணக்கில் பேர் இல்லாதவள் என்று தெரிந்தும் கங்காணி கண்டும் காணாமல் இருந்துவிட்டார். கிரச்சு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மேட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நகத்தால கிள்ளாதன்னு எத்தன தடவ சொல்லுததுங்க?"

"சரீங்கத்தை" என்று சொல்லிவிட்டு, அண்ணி மறுபடியும் நகத்தாலேயே கிள்ளினாள்.